கடைசி வரியில் நீங்கள் எழுதியது

கேள்வி: எனக்கு 29 வயது, குழந்தைக்கு ஐந்து மாதம். கல்லூரி நாட்களிலிருந்தே அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பேன். இப்போது வெளியே கிளம்பவே முக்கால் மணி நேரம் ஆகிறது. அடுப்பைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போகிறேன், போன இடத்தில் அதைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன், அப்புறம் இது இன்று எடுத்த படம்தானா என்று சந்தேகம் வந்துவிடுகிறது. ஒரு கவுன்சலரிடம் போனேன். கெட்ட எண்ணம் வந்தால் 'நிறுத்து' என்று மனதுக்குள் சொல்லுங்கள், நல்லதையே நினையுங்கள் என்றார். அதற்குப் பிறகு இன்னும் மோசமாகிவிட்டது. இது ஓசிடியா? கவுன்சலிங்கில் சரியாகுமா, மாத்திரைதான் வழியா? என் மகளுக்கும் வருமா? இன்னொன்று. கத்தியைப் பார்த்தாலும், அவளைக் குளிப்பாட்டும்போதும், நானே அவளை ஏதாவது செய்துவிடுவேனோ என்று ஒரு எண்ணம் வருகிறது. கத்திகளை எல்லாம் பரண் மேல் வைத்துவிட்டேன். குளிப்பாட்டுவதை அம்மாவிடம் விட்டுவிட்டேன். இந்த வரியை மூன்று முறை எழுதி அழித்தேன்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

அடுப்பும் கதவும் உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி இடத்தை எடுத்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் நீங்கள் எழுத உட்கார்ந்ததே அந்தக் கடைசி வரிக்காகத்தான் என்று நினைக்கிறேன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இந்த எண்ணம் வரும் தாய்மார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அறைக்குள் வந்து உட்கார்ந்து தூக்கம் வரவில்லை, தலைவலி, படபடப்பு என்று அரை மணி நேரம் பேசிவிட்டு, கிளம்பும்போது கதவுப் பக்கம் நின்றுகொண்டு, முகத்தைப் பார்க்காமல் சொல்வார்கள். நீங்கள் கடைசி வரியில் எழுதியது போலவே. 2008இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில் புதிதாகக் குழந்தை பெற்ற தாய்மார்களிடம் இதை நேராகவே கேட்டார்கள். குழந்தைக்குத் தவறுதலாக ஏதாவது ஆகிவிடுமோ என்ற எண்ணம் எல்லோருக்குமே வந்திருந்தது. தானே வேண்டுமென்று குழந்தையைக் காயப்படுத்துவது போன்ற எண்ணம் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வந்திருந்தது. பாதிப் பேர், யோசித்துப் பாருங்கள். யாரும் சொல்லிக் கேட்டதில்லையே என்பீர்கள். நீங்கள் இதுவரை யாரிடம் சொன்னீர்கள்? அவர்களும் அப்படித்தான் இருந்திருப்பார்கள்.

இது தாய்மார்களோடு மட்டும் நிற்பதில்லை. ராக்மன், டி சில்வா என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978இல் ஒன்று செய்தார்கள். எந்த மனநலச் சிக்கலும் இல்லாத சாதாரண மனிதர்களிடம், விரும்பாமலேயே மனதில் வந்து விழும் அருவருப்பான, பயங்கரமான எண்ணங்களை எழுதித் தரச் சொன்னார்கள். பெரும்பாலானவர்களிடம் எழுத ஏதோ ஒன்று இருந்தது. ஓசிடி, அதாவது விரும்பாத எண்ணமும் அதை அடக்கச் செய்யும் செயலும் திரும்பத் திரும்ப வரும் நோய், உள்ளவர்களின் எண்ணங்களோடு அதைக் கலந்து வைத்தால் எது யாருடையது என்று பிரிப்பது தொழில் தெரிந்தவர்களுக்கே எளிதாக இல்லை. 2014இல் 13 நாடுகளின் மாணவர்கள் 777 பேரிடம் கேட்டபோது, கடந்த மூன்று மாதத்தில் இப்படி ஒரு எண்ணமாவது வந்தது என்று 94 சதவீதம் பேர் சொன்னார்கள். ஆக, எண்ணம் எல்லோருக்கும் வருகிறது. மாடியில் நிற்கும்போது குதித்துவிடுவோமோ என்று ஒரு நொடி தோன்றும், 'சீ, என்ன நினைப்பு' என்று விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். உங்களால் அப்படி விட முடியவில்லை. ஏன் வந்தது, நான் எப்படிப்பட்டவள், இது வந்ததற்கு என்ன அர்த்தம் என்று அதைக் கையில் பிடித்து நிறுத்தி விசாரிக்கிறீர்கள். நோய் அந்த விசாரணையில்தான் இருக்கிறது. நீங்கள் குழந்தையை உயிராக நினைப்பதால்தான் அவளைப் பற்றிய எண்ணம் இப்படிக் குத்துகிறது. அதனால்தான் ஓசிடி உள்ளவர்களில் ஒவ்வொருவருக்கும் எது பெரிதோ அதன் மேலேயே அது போய் உட்காருகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. அந்த எண்ணம் வரும்போது உங்களுக்குப் பயமாக இருக்கிறது, அதிலிருந்து ஓடுகிறீர்கள், கத்தியை ஒளிக்கிறீர்கள். ஓசிடியின் முகம் இதுதான். பிரசவத்துக்குப் பின் அரிதாக வரும் மனப்பிறழ்வு நோய் வேறு மாதிரி இருக்கும். தூக்கமே இல்லாமல் தலைகால் புரியாத வேகமும் குழப்பமும் இருக்கும், யாரோ கட்டளையிடுவது போலக் குரல் கேட்கும், குழந்தை சாதாரணக் குழந்தை இல்லை என்று உறுதியாகத் தோன்றும், அவளை ஏதாவது செய்வதுதான் சரி என்றே நினைப்பு போகும். இதில் ஏதாவது இருந்தாலோ, இனி வாழ வேண்டாம் என்ற எண்ணம் உங்களுக்கு வந்தாலோ, இந்தப் பதிலைப் படித்து முடிக்க வேண்டாம், வீட்டில் இருப்பவரிடம் சொல்லி இப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய என்னால் முடியாது, அதை நேரில் பார்ப்பவர்தான் செய்ய வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியது ஓசிடியோடு மிக நன்றாகப் பொருந்துகிறது. தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள். நல்ல பெயர், சுழற்சி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்தச் சுழற்சியைப் பாருங்கள். எண்ணம் வருகிறது. பதற்றம் ஏறுகிறது. கத்தியைப் பரண் மேல் வைக்கிறீர்கள். அன்றைக்கு மனசு லேசாகியிருக்கும் இல்லையா? அந்த லேசுதான் சிக்கலே. உங்கள் மூளை அதிலிருந்து பாடம் கற்றுக்கொள்கிறது: ஆபத்து நிஜம், கத்தியை ஒளித்ததால்தான் குழந்தை தப்பித்தாள். அப்புறம் அடுத்த ஆபத்தைத் தேடும். குளியல் தொட்டி வந்தது. அதையும் அம்மாவிடம் கொடுத்தாயிற்று. விட்டால் தலையணை வரும், மாடிப்படி வரும். ஒவ்வொன்றையும் விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தால் கடைசியில் குழந்தையைத் தூக்குவதையே விட்டுவிடும் நிலைமைக்கு வந்து நிற்பீர்கள். அப்படி வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன் என்பதால்தான் சொல்கிறேன்.

அடுப்பிலும் நடப்பது இதேதான். இதைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த ஒரு ஆய்வு இருக்கிறது, கேளுங்கள். வான் டென் ஹவுட், கிண்ட் என்ற நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2003இல் வெளியிட்டது. ஓசிடி எதுவும் இல்லாத மாணவர்களைக் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பை அணைத்து, அணைந்ததா என்று திரும்பத் திரும்பப் பார்க்க வைத்தார்கள். பிறகு, கடைசியாக எந்தெந்த பர்னரைச் சரிபார்த்தீர்கள் என்று கேட்டார்கள். பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஞாபகம் மங்கலாகத் தெரிகிறது, அதை நம்ப முடியவில்லை என்றார்கள். நல்ல ஞாபகசக்தி உள்ளவர்களையே பலமுறை பார்க்க வைத்தால் இந்த நிலைமை வந்துவிடுகிறது. ஞாபகம் சரியில்லாததால் திரும்பப் பார்க்கிறோம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். திரும்பப் பார்ப்பதால்தான் ஞாபகத்தின் மேல் நம்பிக்கை போகிறது. போனில் படம் எடுப்பதும் இன்னொரு முறை பார்ப்பதுதான். அதனால்தான் படத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அடுத்து வீடியோ எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள்.

'நிறுத்து' என்று சொல்லச் சொன்ன யோசனை ஏன் பலிக்கவில்லை என்பதும் உங்களுக்குப் புரிந்திருக்கும். ஒரு எண்ணம் வரக் கூடாது என்று காவல் காத்தால், வந்துவிட்டதா என்று பார்க்கவே அதை நினைத்தாக வேண்டும். உங்கள் மனஉறுதியில் குறை ஒன்றும் இல்லை, உங்களுக்குத் தரப்பட்ட கருவி தவறு. ஓசிடிக்கு எல்லா கவுன்சலிங்கும் ஒன்றல்ல என்பதை நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் 'கவுன்சலிங் போய்ப் பார்த்தேன், பலனில்லை' என்று ஐந்து வருடம், பத்து வருடம் வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆறுதலாகப் பேசுவது, சிறுவயதுக் கதைகளைத் தோண்டுவது, மூச்சுப் பயிற்சி, நேர்மறைச் சிந்தனை, இதெல்லாம் வேறு பிரச்சினைகளுக்கு உதவலாம், இதற்கு இவை மட்டும் போதாது. நானே தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெண்ணுக்கு வாராவாரம் 'நீங்கள் அப்படிச் செய்யக்கூடியவர் இல்லை' என்று பொறுமையாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். சிரித்த முகத்தோடு போவார், அடுத்த வாரம் அதே கேள்வியோடு வருவார். நான் அவருடைய சுழற்சியில் ஒரு கண்ணியாகிவிட்டேன் என்பது எனக்கு உறைக்க மாதக்கணக்கில் ஆனது. அவருக்கு அந்த மாதங்கள் வீணானது இன்றும் எனக்கு வருத்தம்.

பலன் தரும் கவுன்சலிங்குக்கு ஈஆர்பி என்று பெயர். பயத்தை எதிர்கொள்வது, ஆனால் பதற்றத்தைத் தணிக்க வழக்கமாகச் செய்யும் பரிகாரத்தை, அதாவது கத்தியை ஒளிப்பது, திரும்பத் திரும்பப் பார்ப்பது போன்றவற்றை, செய்யாமல் இருப்பது. விக்டர் மேயர் என்பவர் 1966இல் லண்டனில் இரண்டு நோயாளிகளோடு இதைச் செய்து காட்டி எழுதினார். அதுவரை ஓசிடியைக் குணப்படுத்த முடியாத ஒன்றாகவே பெரும்பாலும் பார்த்தார்கள். இன்று உலகம் முழுவதும் முதலில் பரிந்துரைப்பவை இதுவும் மருந்தும்தான். முழுமையாகச் செய்து முடிப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நல்ல முன்னேற்றம் காண்கிறார்கள். பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள்.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் குறையும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதல் ஓரிரு அமர்வுகளில் உங்கள் நாள் எப்படிப் போகிறது, எதெல்லாம் தூண்டுகிறது, அப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார்கள். பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோல் இருக்கிறது, 1989இலிருந்து புழக்கத்தில் உள்ளது, மொத்தம் 40 மதிப்பெண். அதை வைத்து இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்று குறித்துக்கொள்வார்கள். அப்புறம் இருவரும் சேர்ந்து ஒரு ஏணி போடுவீர்கள். எதைச் செய்ய எவ்வளவு பயம் என்று 0 முதல் 100 வரை நீங்களே எண் போட வேண்டும். மூடிய இழுப்பறையில் கத்தி இருக்க, அதே அறையில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பது 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசை மேல் கத்தி இருப்பது 50. குழந்தை பக்கத்தில் விளையாட, நீங்கள் காய் நறுக்குவது 75. யாரும் கூட இல்லாமல் தனியாகக் குளிப்பாட்டுவது 90. மற்ற அம்மாக்கள் தினமும் செய்யும் வேலைகள்தான் அதில் இருக்கும், குழந்தைக்கு ஆபத்தான எதையும் எந்த நல்ல ஆலோசகரும் செய்யச் சொல்ல மாட்டார்.

முதல் முறை இழுப்பறைக்குப் பக்கத்தில் உட்காரும்போது உடம்பு வியர்க்கும், வாய் உலரும், எண்ணம் கத்தும். அப்போது எழுந்து போகக் கூடாது, மனதுக்குள் 'நான் நல்லவள், நான் நல்லவள்' என்று உருப்போடவும் கூடாது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதுவும் ஒரு பரிகாரம்தான். எண்ணம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டும். பல பேருக்கு அரை மணி, முக்கால் மணியில் பதற்றம் தானாக இறங்கும். சில நாள் இறங்காது, அதுவும் பரவாயில்லை, பதற்றத்தோடும் உட்கார்ந்திருக்க முடியும் என்று மூளைக்குத் தெரிவதுதான் முக்கியம். ஒரு நாள் குளியல் தொட்டி முன்னால் உட்கார்ந்து, ஈரத் தலை உள்ளங்கையில் கனக்க, அந்த எண்ணம் வரும்போது 'வந்துட்டியா, சரி' என்று காதுக்குப் பின்னால் சோப்பு தேய்த்துக்கொண்டே இருப்பீர்கள். எண்ணம் இனி வரவே வராது என்ற வாக்கை நான் தர மாட்டேன். வந்தாலும் உங்கள் வேலை நிற்காது.

இன்னொன்று, இது கேட்கக் கஷ்டமாக இருக்கும். நீங்கள் நூறு சதவீத உறுதி தேடுகிறீர்கள். அடுப்பு அணைந்ததா என்பதிலும் சரி, நான் எப்போதுமே பத்திரமானவள்தானா என்பதிலும் சரி. அந்த உறுதி எனக்கும் கிடையாது, யாருக்கும் கிடையாது, மற்றவர்கள் அது இல்லாமலே கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கவுன்சலிங் உங்களுக்கு உறுதியைத் தராது. சந்தேகம் பாக்கி இருக்கும்போதே படியிறங்கிப் போகும் பழக்கத்தைத் தரும். அதனால் இந்தப் பதிலையும் ஒரு முறை படியுங்கள், போதும். பதற்றம் வரும்போதெல்லாம் 'பாதிப் பேருக்கு வருமாம்' என்ற வரியைத் தேடி வந்து படித்தால், அடுப்புப் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது போலத்தான் ஆகும். இரவெல்லாம் இணையத்தில் இதைத் தேடுகிறீர்கள் என்றால் அதுவும் அதே கணக்குதான்.

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் 'அடுப்பு அணைச்சாச்சு தானே?' என்று அவரிடம் கேட்காமல் இருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அன்பில் 'அணைச்சாச்சும்மா' என்று அவர் சொல்லும் ஒவ்வொரு முறையும் அது அடுத்த கேள்விக்கு விதை. அதற்காகத் திடீரென்று ஒரு நாள் அவர் பதில் சொல்லாமல் முறைத்துக்கொண்டு நின்றால் வீடு தாங்காது. இருவரும் சேர்ந்து, முடிந்தால் ஆலோசகர் முன்னால் வைத்து, முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் இப்படிச் சொல்லலாம்: 'இது ஓசிடி கேக்கற கேள்வி மாதிரி இருக்கு. பதில் சொல்ல மாட்டேன், ஆனா பக்கத்துலயே இருக்கேன்.' உங்கள் அம்மாவிடமும் குளிப்பாட்டுவதை ஒரேயடியாகத் திரும்ப வாங்க வேண்டாம், ஏணியில் அதற்கென்று ஒரு படி வரும், அப்போது வாங்கினால் போதும்.

மாத்திரை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதுவா அதுவா என்று பார்க்க வேண்டியதில்லை. லேசான, நடுத்தர நிலையில் ஈஆர்பி மட்டுமே பலருக்குப் போதும். நாளில் பல மணி நேரம் போகிறது, மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறது, பயிற்சிக்கு உட்காரவே முடியவில்லை என்றால் இரண்டும் சேர்ந்து நன்றாக வேலை செய்யும். 1992இல் பாக்ஸ்டர் என்பவரின் குழு மூளையைப் படம் எடுத்துப் பார்த்தபோது, மருந்தில் குணமானவர்களுக்கும் நடத்தைப் பயிற்சியில் குணமானவர்களுக்கும் மூளையின் ஒரே பகுதியில் மாற்றம் தெரிந்தது. ஃப்ளுவாக்ஸெடின், ஃப்ளுவோக்ஸமின், செர்ட்ரலின் போன்ற, மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகளைத்தான் பொதுவாகக் கொடுப்பார்கள். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம், மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அளவும் கூடுதலாகத் தேவைப்படலாம், அதனால் மூன்று வாரத்தில் 'ஒன்றும் ஆகவில்லை' என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பாலூட்டுகிறீர்கள் என்றால் மனநல மருத்துவரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். பாலூட்டும் தாய்மார்களுக்கென்று அவர்கள் முதலில் யோசிக்கும் மருந்துகளில் செர்ட்ரலின் ஒன்று.

மகளுக்கு வருமா என்றால், குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் அப்படிப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. வந்தாலும், அது என்னவென்று தெரிந்த ஒரு அம்மா அவளுக்கு இருப்பார். உங்களுக்குக் கல்லூரிக் காலத்தில் அப்படி யாரும் இருக்கவில்லை.

ஆலோசகரைத் தேடும்போது போனிலேயே இரண்டு கேள்வி கேளுங்கள், தயங்காதீர்கள். ஓசிடி உள்ளவர்களுக்குச் சிகிச்சை கொடுத்திருக்கிறீர்களா? ஈஆர்பி செய்வீர்களா? 'அதெல்லாம் எதற்கு, வாங்க பேசிக்கலாம்' என்று பதில் வந்தால் அடுத்தவரைத் தேடுங்கள். சொன்னால் குழந்தையை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் அதையும் அவரிடம் அப்படியே சொல்லுங்கள். ஓசிடி தெரிந்தவர் இந்த எண்ணத்தைக் கேட்டு முகம் மாறமாட்டார், அவருக்கு இது பழகிய ஒன்று.

இன்றிரவு கணவரிடம் முழுக்கதையும் சொல்ல வேண்டாம். 'எனக்கு விரும்பாத எண்ணங்கள் வருது, பயமா இருக்கு, டாக்டர்கிட்ட கூட வாங்க' என்பது போதும். அங்கே போய் உட்கார்ந்ததும் தொண்டை அடைத்துக்கொண்டு அடுப்பும் கதவும் மட்டும்தான் வாயில் வருகிறது என்றால், நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தின் நகலை டாக்டர் கையில் கொடுத்து, கடைசி வரியிலிருந்து படிக்கச் சொல்லுங்கள்.